வின்ச்சுக்கு வைத்த சந்தனம்

எனக்கு வாய் அதிகம். எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் ரேணுகாம்பாள் யார் என்று கேட்டுப் பாருங்கள், முதலில் இதைத்தான் சொல்வார்கள். மீன் விற்கிறவளுக்கு வாய் இல்லாமல் முடியுமா? எடை குறைச்சல் என்று ஒருத்தி சண்டைக்கு வருவாள். செதில் சரியாகப் போகவில்லை என்று இன்னொருத்தி நிற்பாள். நேற்று வாங்கிய மீன் நாறிவிட்டது என்று தின்று முடித்துவிட்டு வந்து சொல்கிறவனும் உண்டு. எல்லாருக்கும் பதில் சொல்லித்தான் இருபத்து மூன்று வருஷம் ஓட்டினேன். அப்படிப்பட்டவள் பேச வேண்டிய ஒரே இடத்தில் வாயை மூடிக்கொண்டேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள்.

நாங்கள் ஏரி மீன் குத்தகைக்காரர்கள். பக்கத்துப் பக்கத்தில் மூன்று ஏரிகள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு ஃபைபர் படகு. அதை டிரெய்லரில் ஏற்றி, குட்டியானை வண்டிக்குப் பின்னால் மாட்டி, இன்றைக்கு இந்த ஏரி நாளைக்கு அந்த ஏரி என்று இழுத்துக்கொண்டு போவோம். வீட்டுக்காரர் சடையனும் அவர் தம்பி பிரகாஷும் வலை போடுவார்கள். நான் கரையில் விற்பேன். பிரகாஷின் பெண்டாட்டி எழிலரசி ஸ்கூட்டியில் பெட்டி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகப் போவாள். ஓரகத்திகள், அதுவும் அடுத்தடுத்த வீடு என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்று ஊரில் ஒரு எதிர்பார்ப்பு இருக்கிறது. நாங்கள் அந்த ஆசையை நிறைவேற்றவில்லை.

பிரகாஷ் எனக்குக் கொழுந்தன் என்று பெயர்தான். நான் கல்யாணமாகி வந்தபோது ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான். மாமியார் இல்லாத வீடு. சோறு போட்டதும், பேன் பார்த்ததும், ஸ்கூலில் கையெழுத்துப் போட்டதும் நான்தான். வளர்ந்து நல்ல வேலைக்காரனாக ஆனான். கூடவே குடிகாரனாகவும் ஆனான். குடித்தால் கை நீளும். எழிலரசியின் புருவத்துக்கு மேல் மூன்று தையல் இருக்கிறது, அதைக் கேட்டால் படகில் இடித்துக்கொண்டேன் என்பாள்.

போன மாசி மாதம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். முனீஸ்வரன் கோயிலுக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் கயிறு கட்ட வைத்தாள். எங்கள் பக்கத்தில் குடியை விட நினைக்கிறவர்கள் செய்வதுதான். வலது மணிக்கட்டில் தடிமனான கறுப்புக் கயிறு, இனிமேல் தொட மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம். "கட்டிட்டு குடிச்சா கை கால் விளங்காது, அப்பால என்னை கேக்காதே" என்று பூசாரி சொல்லித்தான் முடிச்சே போடுவார். எழிலரசி தன் பங்குக்கு இன்னொன்று சொன்னாள். "இன்னொரு தபா உன் மேல வாசனை வந்துச்சுனா, பாப்பாவ தூக்கிக்கினு கீழ்பென்னாத்தூர் போயிடுவேன். எங்கம்மா வீட்டு வாசல்ல வந்து நீ உருண்டாலும் திரும்ப மாட்டேன்."

ஏழு மாதம் அவன் தொடவில்லை. சத்தியமாகத் தொடவில்லை. அவர்கள் பெண் வினோதினிக்கு ஏழு வயது. அப்பா மடியில் உட்கார்ந்து சாப்பிடக் கற்றுக்கொண்டதே அந்த ஏழு மாதத்தில்தான். ஊர் மட்டும் நம்பவில்லை. குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சொல்லிச் சொல்லிப் பழகிய வாய்கள்.

இனி வின்ச்சுக்கு வருகிறேன். டிரெய்லரின் முன்பக்கத்தில் கயிறு சுற்றுகிற உருளை ஒன்று இருக்கும், அதற்கு ஒரு கைப்பிடி. அதுதான் வின்ச்சு. கயிற்று நுனியைப் படகின் மூக்கு வளையத்தில் மாட்டிக் கைப்பிடியைச் சுற்றினால், படகு தண்ணீரை விட்டு டிரெய்லர் மேல் ஏறி வரும். எங்களிடம் இருந்தது பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. பிடிமானம் கிடையாது. கையை விட்டால் படகு வந்த வழியே ஓடும். ஒருவர் சுற்ற, ஒருவர் கயிற்றைக் கம்பியில் முடிந்துகொண்டே வர வேண்டும், ஒருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். வலையும் மீனுமாகப் படகு ஊறியிருக்கும்போது தாவு தீர்ந்துவிடும். ஆவணியில் வீட்டுக்காரருக்குக் குடலிறக்க ஆபரேஷன் ஆனது. இனிமேல் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புரட்டாசியில் மீனுக்கு எப்படியும் ஆள் கம்மி. அந்த மாதத்திலேயே வின்ச்சை மாற்றிவிடலாம் என்று நான்தான் நச்சரித்தேன்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி, வெள்ளைக்காரர்கள் தங்குகிற ரூம்களுக்குப் பின்னால் அருண்பிரசாத் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறான். டிப்ளமோ படித்தவன், கை சுத்தமான வேலை. பழையதை வெட்டி எறிந்துவிட்டு, பல்சக்கரம் வைத்த புது வின்ச்சு போட்டான். கயிற்றுக்குப் பதில் பட்டையான பெல்ட்டு. வின்ச்சு நிற்கிற தூணைப் படகின் மூக்கு வளையத்துக்கு நேராக உயர்த்தினான். படகு உரசாமல் ஏற ரப்பர் உருளைகள் வைத்தான். சக்கரத்தின் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கொக்கி. சுற்றச் சுற்ற அந்தக் கொக்கி ஒவ்வொரு பல்லிலும் டக் டக்கென்று விழும். சக்கரம் முன்னால்தான் போகும், பின்னால் ஓடாது.

"கைய விட்டாலும் நிக்கும்க்கா" என்றான் அருண்பிரசாத். "சின்ன கொழந்தகூட சுத்தலாம். பல்லுல மட்டும் சேறு கீறு ஏறாம பாத்துக்கங்க."

அவன் சொன்னது உண்மைதான். பத்து நாள் ஓட்டிப் பார்த்தோம். பிரகாஷ் ஒற்றை ஆளாகப் படகை ஏற்றினான். பாதியில் கையை விட்டு பீடி பற்றவைத்துக் காட்டினான். படகு அசையவில்லை. வீட்டுக்காரர் பின்னால் தண்ணீரில் சும்மா நின்று, படகு கோணாமல் ஒரு கை வைத்தால் போதும். எனக்கு ஒரே பெருமை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி அலுத்தேன்.

அப்புறம் ஆயுத பூஜை வந்தது.

வண்டி, படகு, தராசு, அரிவாள்மனை எல்லாவற்றையும் கழுவி வைத்தோம். வின்ச்சுக்கு நானே முன்னால் நின்று செய்தேன். புதுசு, வீட்டுக்காரர் உடம்பைக் காப்பாற்ற வந்தது. குறை வைக்கலாமா? சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்தேன். கைப்பிடிக்கு, தூணுக்கு, உருளைக்கு வைத்தேன். அந்தக் கொக்கிதானே முக்கியம் என்று அதன் முடுக்கில் கை நிறைய அப்பி, மேலே குங்குமத்தை அழுத்தினேன். சாமந்தி மாலை போட்டு, சூடம் காட்டி, டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். சாயங்காலம் பிரகாஷ் பட்டறைக்குப் பொரி கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கே ஆட்கள் பாட்டில் திறந்து உட்கார்ந்திருந்தார்களாம். கால் மணி நேரம் நின்று பேசிவிட்டு வந்துவிட்டான். வந்ததும் எழிலரசி முகத்துக்கு நேராகப் போய், "இந்தா மோந்து பாத்துக்கோ" என்று ஊதிக் காட்டினான். எல்லாரும் சிரித்தோம்.

மறுநாள் விஜயதசமி. பூஜை போட்ட எந்திரத்தை அன்றைக்கு ஒரு சுற்றாவது ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் வருஷம் பூராவும் தூங்கும் என்பார்கள். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரைக்குப் போனோம். கரையிலேயே அடுப்பு மூட்டி, பிரகாஷுக்கு என் கையால் டீ ஊற்றிக் கொடுத்தேன். தெளிவாக இருந்தான். டீயை வாங்கிக்கொண்டே வின்ச்சைக் குனிந்து பார்த்தான்.

"அண்ணி, இந்த கொக்கில சந்தனம் ஜாஸ்தியா காஞ்சி கெடக்குது. தொடச்சிடட்டா?"

எனக்கு வந்தது பாருங்கள் கோபம். "நல்ல நாளும் அதுவுமா பொட்ட அழிப்பாங்களாடா? அபசகுனமா பேசாத. அதுவா உதுரும், போ."

"சரிங்கண்ணி" என்றான். எதிர்த்துப் பேசத் தெரியாதவன், என்னிடம் மட்டும்.

காய்ந்த சந்தனத்தோடு கொக்கியைத் தூக்கிவிட்டுப் படகைத் தண்ணீரில் இறக்கினார்கள். வலையை வாங்கி, மீனோடு படகைக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுக்காரர் இடுப்பளவுத் தண்ணீரில் படகுக்குப் பின்னால் நின்றார். பிரகாஷ் மேலே நின்று கைப்பிடியைச் சுற்றினான். படகு முக்கால்வாசி ஏறியதும் மூக்கு ஒரு பக்கம் ஒதுங்கியது. தினமும் செய்கிற மாதிரியே கையை விட்டுவிட்டு, மூக்கைத் தள்ள ஒரு எட்டு வைத்தான்.

படகு நிற்கவில்லை.

கைப்பிடி பின்பக்கமாகப் பிசாசு பிடித்ததுபோல் சுழன்றது. படகு சரசரவென்று தண்ணீரை நோக்கி இறங்கியது. பின்னால் வீட்டுக்காரர். "அண்ணே" என்று கத்திக்கொண்டு பிரகாஷ் அந்தச் சுழல்கிற கைப்பிடியை எட்டிப் பிடித்தான். கைப்பிடி அவன் கையை அடித்துத் தள்ளியது. மணிக்கட்டில் இருந்த கறுப்புக் கயிறு பல்சக்கரத்தில் மாட்டியது. கயிற்றோடு கையும் உள்ளே போனது. அப்போதுதான் படகு நின்றது, அவன் எலும்பில் நின்றது. வீட்டுக்காரர் நெஞ்சுக்கும் படகுக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அந்தச் சத்தத்தை நான் சொல்லப் போவதில்லை.

ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்ற முடியாது என்றார்கள். மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் விட்டு எடுத்தார்கள். மதியம் என்னை வீட்டுக்கு அனுப்பி, பாய், போர்வை, துணி எடுத்து வரச் சொன்னார்கள். வீட்டு வாசலில் டிரெய்லர் நின்றிருந்தது. யாரோ கொண்டுவந்து விட்டிருந்தார்கள். காய்ந்த ரத்தத்தைக் கழுவிவிடலாம் என்று தண்ணீர் ஊற்றினேன். அப்போதுதான் பார்த்தேன். கொக்கி தூக்கின நிலையிலேயே நின்றது. விரலால் தள்ளினேன், விழவில்லை. முடுக்கில் என் சந்தனம் சிமெண்டாக இறுகியிருந்தது.

புடவையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன். சுரண்டினேன். தேங்காய் நார் போட்டுத் தேய்த்தேன். கடைசியில் கொக்கி டக்கென்று பல்லில் விழுந்தது. மிச்சமிருந்த சந்தனத் துகளைத் தண்ணீர் ஊற்றிச் சாக்கடையில் தள்ளிவிட்டேன். பாயைச் சுருட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஏன் அப்படிச் செய்தாய் என்றால் என்ன சொல்வது? பயம். வளர்த்த பிள்ளையின் கையை வாங்கியவள் என்ற பேர் வந்துவிடுமே என்ற பயம். வேறு காரணம் சொன்னால் பொய்.

மறுநாள் காலையில் அருண்பிரசாத் வீட்டுக்கு வந்து வின்ச்சைச் சுற்றிப் பார்த்தான். டக் டக் டக். பெல்ட்டில் மூன்று பேரைத் தொங்கவிட்டுப் பார்த்தான். ஒரு பல்கூடப் பின்னால் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான்.

"மெஷின்ல ஒரு கொறையும் இல்லண்ணே" என்று வீட்டுக்காரரிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். "முந்தின நாளு சாயங்காலம் பட்டறைக்கு வந்திருந்தாரு. நம்ம ஆளுங்க ஊத்திக்கினு இருந்தாங்க. நான் கண்ணால பாக்கல, ஆனா..."

அந்த ஆனாவைக் கேட்டதும் எழிலரசி கட்டிலை விட்டு எழுந்தாள். பிரகாஷ் மயக்கம் தெளிந்து விழித்திருந்தான். உதடு வெடித்திருந்தது.

"குடிச்சியா?" என்றாள்.

"இல்ல எழிலு."

"கயிறு கட்டின கையி. கயிறே இழுத்துக்கினு போயிருக்குது. சாமிக்குத் தெரியாம குடிச்சிட்டு எனக்கு ஊதி காட்டினியா?"

"சத்தியமா இல்ல. ஏத்தும்போதே டக் டக்னு சத்தம் வரல எழிலு. நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்." அவன் என் பக்கம் திரும்பினான். "அண்ணி, நேத்து காலைல நீங்கதான டீ குடுத்தீங்க. நான் எப்டி இருந்தேன்னு சொல்லுங்க."

வார்டே என்னைப் பார்த்தது. பக்கத்துக் கட்டில்காரரின் பெண்டாட்டிகூட இட்லி தின்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். தெளிவாக இருந்தான் என்று இரண்டு வார்த்தை. அதைச் சொன்னால், அப்புறம் எப்படி நடந்தது என்று அடுத்த கேள்வி வரும். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

"நான் அடுப்ப பாத்துக்கினு இருந்தேன்" என்றேன். "கவனிக்கல."

பிரகாஷ் என்னையே பார்த்தான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். எழிலரசி அன்றைக்கே போகவில்லை. பன்னிரண்டு நாள் அவனுக்கு மலம் மூத்திரம் எல்லாம் அள்ளினாள். வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாள், பெட்டியைக் கட்டிக்கொண்டு வினோதினியோடு கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினாள். சொன்ன சொல் தவறாதவள்.

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கயிறு கட்டிட்டுக் குடிச்சான், சாமி கையை வாங்கிடுச்சு என்று ஊரெல்லாம் பேச்சு. முனீஸ்வரன் கோயிலில் கயிறு கட்டுகிற கூட்டம் கூடியது என்றுகூடச் சொன்னார்கள். என் வீட்டுக்காரர் உயிர் தம்பியின் கையால் தப்பியது. அவரும் நம்பினார். "எனக்காக கைய குடுத்தான், அத நான் மறக்கல. ஆனா குடிச்சது தப்புதான்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வார். எனக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறியலாம் போல இருக்கும். எறிந்துவிட்டு என்ன சொல்வது? இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவேன்.

பிழைப்பை விட முடியுமா? படகை எடுத்தோம். கூலிக்கு ராமதாஸ் என்று ஒருவரை வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் அந்த வின்ச்சு டக் டக் டக்கென்று படகை ஏற்றியது. ஒரு நாள் பிரகாஷும் கரைக்கு வந்தான். சட்டையின் வலது கை கீழே மடித்து ஊக்குப் போட்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றான்.

"இப்ப சத்தம் வருதே அண்ணி" என்றான். அவ்வளவுதான் சொன்னான். நான் விரால் மீனைத் தலை வேறு உடல் வேறாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

ஐப்பசி பௌர்ணமி அன்று காலை என்னிடம் வந்தான். "அண்ணி, எழிலுக்கு ஒரு போன் போடுங்க. நான் போட்டா எடுக்க மாட்டேங்கிறா. நீங்க சொன்னா நம்புவா. அன்னிக்கு நான் தெளிவாத்தான் இருந்தேன்னு மட்டும் சொல்லுங்க, போதும். வேற ஒண்ணும் சொல்ல வேணாம்."

வேறு ஒன்றும் வேண்டாம் என்றான். அந்த வேறு எது என்று எனக்குத் தெரியாதா? "நாளைக்கு நேர்லயே போயி பேசிட்டு வரேண்டா" என்றேன். தப்பிக்கச் சொன்னதில்லை. உண்மையாகவே சொன்னேன். அன்றைக்குப் பௌர்ணமி. முதலில் மலையைச் சுற்றி அண்ணாமலையாரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மனசைக் கழுவிக்கொண்டு போனால்தான் எழிலரசி முகத்தில் விழிக்க முடியும் என்று நினைத்தேன். அப்படி நினைக்கத்தான் எனக்குத் தெரியும். இந்த ஊரில் எந்தப் பாரத்தையும் முதலில் அங்கேதான் இறக்கி வைப்போம்.

மதியம் மூன்று மணிக்குச் செருப்பில்லாமல் கிளம்பினேன். பதினாலு கிலோமீட்டர். ஒவ்வொரு லிங்கத்திடமும் நின்று, நான்தான் சந்தனம் வைத்தேன், நான்தான் அழிக்கக் கூடாது என்றேன், நான்தான் சுரண்டினேன் என்று வாய்விட்டுச் சொன்னேன். பக்கத்தில் நடந்த பெங்களூர்க்காரி ஒருத்தி ஏதோ மந்திரம் என்று நினைத்துக் கும்பிட்டாள். நடந்து முடிக்கும்போது காலில் கொப்புளம். மனசு மட்டும் லேசாகி இருந்தது. அந்த லேசுக்கு இப்போது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கீழ்பென்னாத்தூர் போனேன். எழிலரசி அம்மா வீட்டுக் கொல்லையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். வினோதினி பள்ளிக்கூடம் போயிருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். சந்தனம், கொக்கி, துடைக்கட்டுமா என்று அவன் கேட்டது, நான் திட்டியது, ஊக்கு, சாக்கடை எல்லாம். அவள் கடலை உரிப்பதை நிறுத்தவில்லை. நான் முடித்த பிறகும் நாலைந்து கடலை உரித்தாள்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கு மத்தியானமே."

"நான் அவருக்கு மூத்திர சட்டிய தூக்கிக்கினு இருந்தேன் அப்ப" என்றாள். குரல் உயரவில்லை. "போன வாரம் பாப்பாவ பாக்க வந்தாருக்கா. எங்கண்ணன் வாசல்லயே நிறுத்தி, ஊதுடான்னுச்சு. தெருவே பாத்துக்கினு இருந்துச்சு. ஒத்த கைய தொங்கப் போட்டுக்கினு ஊதினாரு. வாசனையே இல்ல. அப்பவும் நான் நம்பல. ஏலக்கா மென்னுட்டு வந்திருப்பாருன்னு உள்ள போயி கதவ சாத்திட்டேன்."

முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "பாப்பா ஸ்கூல் விட்டதும் அம்மா பாத்துக்கும். நான் உங்க கூட வரேன்" என்றாள். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். வழியில் ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இன்னா சாப்புட்டாரு காலைல?" என்று கேட்டாள். நான் விடிவதற்கு முன்பே கிளம்பி வந்ததால் தெரியாது என்றேன். பஸ் ஸ்டாண்டு கடையில் அவனுக்கு நாலு இட்லி பார்சல் வாங்கிக்கொண்டாள்.

ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கியபோது மணி பதினொன்று. வாசலில் டிரெய்லர் நின்றிருந்தது. அதன் சக்கரத்தில் சாய்ந்து பிரகாஷ் தரையில் உட்கார்ந்திருந்தான். லுங்கி விலகிக் கிடந்தது. பக்கத்திலேயே பாட்டில், மூடி இல்லாமல். எதிர் வீட்டு வாசலில் நாலு பொம்பளைகள் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ஒருத்தி மற்றவளை இடித்தாள். நாங்க அப்பவே சொல்லலையா என்கிற மாதிரி.

எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "அவன் அன்னிக்கு குடிக்கலடி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். "நான்தான் காரணம். நான் வெச்ச சந்தனம். அந்தக் கொக்கியில நான்தான் அப்பினேன்."

ஒருத்தியும் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. "பாவம், வளத்த பாசம்" என்று ஒருத்தி உச்சுக் கொட்டினாள்.

பிரகாஷ் தலையைத் தூக்கிப் பார்த்தான். எழிலரசியைப் பார்த்ததும் எழுந்துகொள்ள முயன்றான். இல்லாத கையைத் தரையில் ஊன்றப் போய்ச் சரிந்தான்.

"வந்துட்டியா எழிலு? இப்ப ஊத சொல்லு, ஊதறேன். இப்ப வாசனை வரும். எல்லாரும் கேட்டதுக்கு ஒரு மாசமா இல்ல இல்லன்னு சொல்லி வாயே வலிக்குது. ஆமான்னு சொல்றது எவ்ளோ சுலுவா கீது தெரியுமா?"

"எப்ப குடிச்சே?" என்றாள் எழிலரசி.

"நேத்து சாயங்காலம். அதுவரைக்கும் ஒரு சொட்டு இல்ல. பாப்பா மேல சத்தியம்." என் பக்கம் திரும்பினான். கண் சிவந்திருந்தது. "பொட்ட அழிக்காதன்னு நீங்க சொன்னத யார்கிட்டயும் சொல்லல அண்ணி. சொன்னா, குடிகாரன் அண்ணி மேல பழி போடறான்பாங்க. நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன். நேத்து போன் போட சொன்னேன். நாளைக்குன்னுட்டு வீட்ட பூட்டிக்கினு எங்கியோ போயிட்டீங்க. சரி, அண்ணியும் சொல்ல மாட்டாங்கன்னு புரிஞ்சிபோச்சு."

இட்லிப் பொட்டலத்தை எழிலரசி அவன் பக்கத்தில் தரையில் வைத்தாள். நூலைப் பிரித்து, அவன் ஒற்றைக் கையால் எடுக்கிற மாதிரி இலையை விரித்துவிட்டாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நேத்து எங்கக்கா போனீங்க?"

"மலைய சுத்த போனேன். சாமிகிட்ட சொல்லிட்டு உங்கிட்ட வரலாம்னு..."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"சாமிக்கு இதெல்லாம் முன்னாடியே தெரியாதாக்கா?" என்றாள். "எனக்குத்தான தெரியாம இருந்துச்சு."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழ்பென்னாத்தூர் திரும்ப, வந்த ஆட்டோ இன்னும் நிற்கிறதா என்று தெருமுனையைப் பார்த்து நடந்தாள்.